வெனீர் பேனல்ல கீறல் தாங்குற வாட்டர் பேஸ்டு ஃபினிஷ்: அடிப்பலகைல இருந்து கடைசி கோட் வரைக்கும்

வெனீர், அதாவது மெல்லிசா சீவின நிஜ மரத் தகடு, ஒட்டின பிளைவுட்ல வார்ட்ரோப், டிவி யூனிட், டைனிங் டேபிள் பண்றவங்க நிறைய பேர் இப்ப வாட்டர் பேஸ்டு பாலிஷ்தான் வேணும்னு கேக்குறாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஏன்னா நம்ம ஊர்ல வழக்கமா அடிக்கிற மெலமைன் பாலிஷ் காயும்போதும் சரி காஞ்சதுக்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கும் சரி ஃபார்மால்டிஹைடு வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், அதை 2004-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனுஷங்களுக்கு புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு முதல் பிரிவுல சேத்தாச்சு. அதோட தின்னர் நெடி வேற, அடிக்கிற பாலிஷ்காரரோட நுரையீரலுக்குத்தான் முதல் அடி.

ஆனா வாட்டர் பேஸ்டுன்னு சொன்ன உடனே "அது சீக்கிரம் கீறல் விழும் சார், வேணாம்"னு கடைலயே சொல்லிடுறாங்க. அப்படி கீறல் விழுற வேலைகள் இருக்கு, மறுக்கல. ஆனா அதுல பெரும்பாலானது டின்னோட குத்தம் கிடையாது. கீறல் தாங்குறது கடைசி கோட் ஒண்ணோட வேலைன்னு நினைச்சு, அடில இருக்கற பலகை, சீலர் (டாப் கோட்டுக்கு முன்னாடி மரத்தை அடைக்கப் போடற முதல் கோட்), படலத்தோட தடிமன், காய விட்ட நாள் இதையெல்லாம் யாரும் கண்டுக்காம விடறதுதான் காரணம். இந்த நாலும் சரியா இருந்தா வீட்டு உபயோகத்துக்கு மெலமைனுக்கு சமமா, பல சமயம் அதை விட நல்லாவே நிக்கும். வரிசையா ஒவ்வொண்ணா பாக்கலாம்.

முதல்ல எந்த மாதிரி கீறல்னு பாருங்க

எல்லா கீறலும் ஒண்ணு இல்ல, மருந்தும் ஒண்ணு இல்ல. லைட்டை சாய்வா அடிச்சு பாத்தா மட்டும் தெரியற முடி மாதிரி கோடுகள் ஒரு வகை, இது தூசி மேல துணி போட்டு துடைக்கிறதால வர்றது. நம்ம வீட்டுத் தூசில மணலும் இருக்கு, மணல்ல இருக்கற குவார்ட்ஸ் கெட்டித்தன்மையை அளக்கற மோஸ் அளவுகோல்ல 7, கண்ணாடியே 5.5 பக்கம்தான், அப்ப பிளாஸ்டிக் படலம் எந்த மூலைக்கு. ரெண்டாவது வகை சாவி, எவர்சில்வர் பாத்திரத்தோட அடி, வளையல் இதெல்லாம் இழுத்து விடற பள்ளக் கீறல். மூணாவது, கீறின இடம் வெள்ளையா தெரியறது, நகத்தால சுரண்டினா செதில் மாதிரி வர்றது. இது மேல் கோட் மிருதுவா இருக்கறதால வர்றது இல்ல, ஒட்டுதல் இல்லாததால வர்றது, இதுக்கு மேல எவ்வளவு கெட்டியான கோட் போட்டாலும் உபயோகமே இல்ல. நாலாவது, படலம் கிழியாமலே மரம் உள்ள அமுங்கி வர்ற தடம். இது பலகையோட பிரச்சனை.

ஏற்கனவே இருக்கற ஃபர்னிச்சர்ல கீறல்னு வந்தவங்க இதுல எது நமக்குன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் பணம் செலவு பண்ணுங்க.

அடிப்பலகை

மிருதுவான பலகை மேல கெட்டியான படலம் போட்டா முட்டை ஓடு மாதிரிதான், அழுத்தின இடத்துல ஓடு உடைஞ்சு உள்ள போயிடும். டேபிள் டாப், ஸ்டடி டேபிள், டிராயர் மேல்பக்கம் மாதிரி பாரம் விழுற இடத்துக்கு லேசான உள் பலகை வச்ச மலிவு பிளைவுட் வேணாம். நல்ல கெட்டியான ஹார்ட்வுட் பிளைவுட், இல்லன்னா எச்.டி.எச்.எம்.ஆர்., அதாவது அடர்த்தி கூடின, ஈரம் தாங்குற மரநார் போர்டு எடுங்க. சாதாரண எம்.டி.எஃப். ஒரு கன மீட்டருக்கு 700 கிலோ பக்கம் இருக்கும், எச்.டி.எச்.எம்.ஆர். 800-க்கு மேல போகும், அந்த அடர்த்தி வித்தியாசம் அமுங்குற தடத்துல நல்லாவே தெரியும். செங்குத்தா நிக்கிற கதவு, சுவர் பேனலுக்கெல்லாம் இவ்வளவு யோசிக்க வேணாம்.

போர்டு வாங்கும்போது ஃபார்மால்டிஹைடு கம்மியா வெளிய விடும்னு காட்டுற இ1 அல்லது இ0 குறியீடு இருக்கான்னு கேளுங்க. ஃபினிஷ்ல ஃபார்மால்டிஹைடு வேணாம்னு பாடுபட்டுட்டு உள்ள இருக்கற பசைல இருந்து அது வந்துக்கிட்டே இருந்தா என்ன பிரயோஜனம்.

வெனீர் பத்தி ஒண்ணு கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். கடைல 4 மில்லிமீட்டர் ஷீட்னு சொல்றதுல மேல இருக்கற நிஜமான தேக்கோ ஓக்கோ சுமார் அரை மில்லிமீட்டர்தான், மீதி எல்லாம் அடி பிளை. அதனால பின்னாடி கீறல் விழுந்தா தேச்சு எடுத்துக்கலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க, ஒரு தடவை நல்லா தேச்சா அடி தெரிஞ்சிடும். முன்கூட்டியே படலத்தை பலமா போட்டுக்கறது ஒண்ணுதான் வழி.

டேபிளோட ஓரத்துக்கு வெனீர் டேப் ஒட்டாம கட்டை மரத்துல பட்டை அடிச்சு, கூர்முனையை 2 மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டி விடச் சொல்லுங்க. கூரான முனைல எந்த திரவமும் நிக்காது, ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டு முனைல படலம் மெலிசாயிடும், அதான் எந்த ஃபர்னிச்சர்லயும் முதல்ல ஓரம் வெளுத்துப் போகுது. ஆசாரிகிட்ட ஆரம்பத்துலயே சொல்லிட்டா அவருக்கு கால் மணி நேர வேலை.

எந்த ஃபினிஷ்: என் கருத்து

அரக்கு பாலிஷ், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுல பலாச மரத்துலயும் குசும் மரத்துலயும் பூச்சி உண்டாக்குற பிசின்ல இருந்து வர்றது, இயற்கையானதுன்னு பாத்தா இதுக்கு மேல கிடையாது. ஆனா சூடான டம்ளர் வச்சா வெள்ளை வளையம் விழும், ஸ்பிரிட் பட்டா கரையும், கீறல் தாங்குறதும் சுமார்தான். கண்ணாடி ஃபிரேம், பூஜை அலமாரியோட வெளிப்பக்கம், கை படாத அலங்கார பேனல் இதுக்கெல்லாம் அழகா இருக்கும், டைனிங் டேபிளுக்கு வேணாம்.

ஹார்ட்வேக்ஸ் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய் மாதிரி காயுற தாவர எண்ணெயும் கார்னாபா மெழுகும் சேந்தது, இது மரத்துக்குள்ள ஊறி நிக்கும், கெட்டியான படலம்னு ஒண்ணு இருக்காது. கீறல் விழும், ஆனா விழுந்த இடத்தை மட்டும் லேசா தேச்சு திரும்ப எண்ணெய் போட்டா ஒட்டுப் போட்ட மாதிரி தெரியாது. குழந்தைங்க இருக்கற வீட்ல வருஷா வருஷம் கொஞ்சம் பராமரிக்கத் தயாரா இருந்தா இது நல்ல முடிவு. இதை துடைச்ச துணியை மட்டும் சுருட்டி மூலைல போடாதீங்க, எண்ணெய் காயும்போது சூடாகி தானாவே தீ பிடிக்கும். தண்ணில நனைச்சு விரிச்சுக் காயப் போட்டுட்டு அப்புறம் குப்பைல போடுங்க.

கீறல் தாங்கணும்ங்கறதுதான் முதல் தேவைன்னா வாட்டர் பேஸ்டு பாலியூரித்தேன், அதுலயும் ஹார்டனர் சேக்கிற ரெண்டு பாக வகை. ஒரு பாக வகைல தண்ணி ஆவியாகி உள்ள இருக்கற நுண்துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி படலமாகுது, அவ்வளவுதான். ஹார்டனர் சேந்தா அந்த மூலக்கூறுகளுக்கு நடுவுல குறுக்குப் பிணைப்பு உண்டாகுது, அதனாலதான் கீறலும் சரி, சானிடைசர், எண்ணெய், சூடு எல்லாமும் சரி நல்லா தாங்குது. ஆனா பெரும்பாலான ஹார்டனர் ஐசோசயனேட், காயுற வரைக்கும் அது நல்ல பொருள் இல்ல, ஆஸ்துமா வரவைக்கும். வாட்டர் பேஸ்டுங்கறதால கவலை இல்லன்னு முகக்கவசம் இல்லாம ஸ்பிரே பண்றதைப் பாத்தா எனக்கு மனசு பதறும். ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க், கையுறை, திறந்த ஜன்னல், இது மூணும் இல்லாம ரெண்டு பாக வகையை ஸ்பிரே பண்ண விடாதீங்க, முடிஞ்சா ரோலர்ல போடுங்க. கார்போடைமைடு ஹார்டனர் கிடைச்சா அது ஐசோசயனேட்டை விட தீங்கு கம்மி, விலை கூட இருந்தாலும் வீட்டுக்குள்ள வச்சு அடிக்கிற வேலைக்கு அதைத்தான் நான் சொல்வேன்.

டின்ல வாட்டர் பேஸ்டுன்னு எழுதியிருந்தா மட்டும் பத்தாது, அதுலயும் கரைப்பான் கொஞ்சம் இருக்கும். வி.ஓ.சி., அதாவது காத்துல ஆவியாகிப் போற கரிமப் பொருள், லிட்டருக்கு எத்தனை கிராம்னு டின்லயோ டேட்டா ஷீட்லயோ பாருங்க, 100-க்கு கீழ இருந்தா நல்லது, 50-க்கு கீழ இருந்தா ரொம்ப நல்லது. இந்தியத் தொழில் கூட்டமைப்பு (சி.ஐ.ஐ.) குடுக்கற கிரீன்ப்ரோ மாதிரி சுற்றுச்சூழல் முத்திரை இருந்தா கூடுதல் நம்பிக்கை.

கெட்டிப்படுத்துற துகள் பத்தி

தரைக்கு அடிக்கிற ஃப்ளோர் கிரேடு டாப் கோட்ல அலுமினியம் ஆக்சைடு இல்லன்னா செராமிக் நுண்துகள் கலந்திருக்கும். அலுமினியம் ஆக்சைடு மோஸ் அளவுல 9, மணலை விட ரெண்டு படி மேல. லேமினேட் தரைல, நல்ல மைக்கா ஷீட்ல மேல இருக்கற ஓவர்லே தாள்லயும் இதேதான் இருக்கு. டேபிளுக்கும் இந்த ஃப்ளோர் கிரேடு டின்னையே வாங்கலாம், தப்பே இல்ல.

ஆனா பவுடரை தனியா வாங்கி சாதாரண டின்ல கலக்கறது வேணாம். கட்டி கட்டியா சேந்துக்கும், அடில படியும், அதுவும் இல்லாம அலுமினியம் ஆக்சைடோட ஒளிவிலகல் எண் 1.76, பிசினோடது 1.5 பக்கம், அந்த இடைவெளியால படலம் பால் மாதிரி மங்கலாயிடும், அடர்நிற வெனீர்ல அசிங்கமா தெரியும். சிலிக்காவுக்கு 1.46, பிசினுக்கு பக்கத்துல வர்றதாலதான் நிறமில்லாத கோட்டுக்கெல்லாம் நானோ சிலிக்கா கலக்குறாங்க. இதெல்லாம் ஃபேக்டரில மிஷின்ல பிரிச்சு கலக்க வேண்டிய விஷயம், கலந்து வர்றதையே வாங்கிக்குங்க.

இன்னொரு வழியும் இருக்கு, வழுக்க விடறது. மெழுகு சேந்த டாப் கோட்ல பாத்திரம் கடிச்சு இழுக்காம வழுக்கிட்டுப் போகும், முடிக் கீறலுக்கு இது கெட்டித்தன்மையை விடவே நல்லா வேலை செய்யும். கடைக்காரர்கிட்ட கெட்டியா இருக்கான்னு மட்டும் கேக்காம ஸ்லிப் அடிட்டிவ், அதாவது இப்படி வழுக்க வைக்கிற பொருள், இருக்கான்னும் கேளுங்க.

வேலை ஆரம்பம்

பலகை ஈரம் 12 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், மழைல நனைஞ்ச லாரில வந்த ஷீட்டை அன்னிக்கே அடிக்கக் கூடாது. ஃபேக்டரில தேச்சு வந்த வெனீருக்கு 180 நம்பர் உப்புத்தாள்ல லேசா ஒரு சுத்து, அப்புறம் 240, எப்பவும் ரேகை போற திசைல. 240-க்கு மேல போய் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆக்கினா சீலருக்குப் பிடிமானம் கிடைக்காது.

தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, அதனால அடிக்கறதுக்கு முன்னாடி ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால துடைச்சிடுங்க, துணில மஞ்சளா வர்றது நிக்கிற வரைக்கும். இதை விட்டா அந்த மூணாவது வகை வெள்ளைக் கீறல் கண்டிப்பா வரும்.

அடுத்தது ரேகை எழுப்புறது. தண்ணி பட்டா மர நார் எழுந்து நிக்கும், முதல் கோட் போட்டதும் சொரசொரன்னு ஆகுதுன்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். அதனால நல்லா பிழிஞ்ச ஈரத் துணியால நீங்களே முன்கூட்டி துடைச்சு, ஒண்ணு ரெண்டு மணி நேரம் காயவிட்டு, எழுந்த நாரை 320-ல மேலோட்டமா வெட்டி விடுங்க. ஸ்டீல் வுல் கிட்டயே வராதீங்க, அதோட துகள் உள்ள மாட்டி தண்ணி பட்டு துரு புள்ளியாயிடும்.

சீலருக்கு அந்த டாப் கோட் கம்பெனியோட வாட்டர் பேஸ்டு சீலரே போதும். நிறம் கொஞ்சம் தேன் மாதிரி வேணும்னா மெழுகு நீக்கின அரக்கு செதிலை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் கணக்குல கரைச்சு ஒரே ஒரு மெல்லிசு கோட், மேல பாலியூரித்தேன் நல்லா ஒட்டும். மெழுகு நீக்காத அரக்கு மேல ஒட்டாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்க. ஆனா டேபிள் டாப்ல அரக்கை தவிர்த்துடுங்க, அது உடையற தன்மை உள்ளது, மேல பலமா போட்டு அடில பலவீனமா ஒண்ணு வைக்கறதுல அர்த்தம் இல்ல.

படலத்தோட தடிமன்: இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு லிட்டர் 10 சதுர மீட்டர் போனா ஈரப் படலம் 100 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). திடப்பொருள் அளவு 35 சதவீதம்னா காஞ்சதும் நிக்கறது 35 மைக்ரான்தான், மீதி தண்ணியா போயிடும். மெலமைன் அடிச்சுப் பழகினவங்க ரெண்டு கோட்ல நிறுத்திடுவாங்க, நடுவுல தேய்ச்சது வேற போக கைல 50, 60 மைக்ரான்தான் மிஞ்சும். கதவுக்கு அது போதும். டேபிளுக்கு 80-ல இருந்து 100 மைக்ரான் வேணும், அதாவது சீலர் போக மூணு முழு டாப் கோட். ஒரு 8-க்கு 4 ஷீட் சுமார் 3 சதுர மீட்டர், அப்ப ஒரு கோட்டுக்கு 300 மில்லி இழுக்கணும். பாதிதான் செலவாச்சுன்னா படலமும் பாதிதான், மிச்சம் பிடிச்சதா சந்தோஷப்பட வேணாம். ஸ்பிரேன்னா காத்துல போறதுக்கு கூடுதலா எடுத்து வைங்க.

அதுக்காக மூணு கோட்டை ஒரே கோட்டா தடியா போட்டுடாதீங்க, தண்ணி உள்ள மாட்டி வெளிர் நீலமா மங்கலாயிடும், குமிழி விடும்.

ஹார்டனர் விகிதம் டின்ல போட்டிருக்கறபடியே, பொதுவா 10-க்கு 1 இருக்கும், கண் மதிப்புக்கு ஊத்தாம தராசு வச்சு அளங்க, ரெண்டு நிமிஷம் நிதானமா கலக்கிட்டு வடிகட்டுங்க. சில மணி நேரத்துக்குள்ள தீத்துடணும். கலக்கி ரொம்ப நேரம் ஆனது பாக்க திரவமா நல்லாத்தான் இருக்கும், ஆனா போட்டா பலம் வராது, அதனால அரை நாளைக்கு தேவையானதுக்கு மேல கலக்க வேணாம்.

ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம், அப்புறம் 320-ல தேய்ச்சு வெள்ளைப் பவுடர் வருதான்னு பாருங்க. பவுடரா வராம உப்புத்தாள்ல பிசுக்குன்னு ஒட்டினா இன்னும் காயலன்னு அர்த்தம், காத்திருங்க. கடைசி கோட்டுக்கு முன்னாடி 400. தூசியை ஈர மைக்ரோஃபைபர்ல எடுங்க, மெழுகு தடவின டேக் கிளாத் வேண்டாம், மீன் கண் மாதிரி குழி விழும்.

வானிலை நம்ம ஊர்ல பெரிய விஷயம். ஐப்பசி கார்த்திகை அடைமழைல ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டுற நாள்ல வேலையை நிறுத்திடுங்க, தண்ணி வெளியேற இடமே இருக்காது. சித்திரை வைகாசி மத்தியான வெயில்ல எதிர் பிரச்சனை, ரோலர் ஓட்டி முடிக்கறதுக்குள்ள விளிம்பு காஞ்சு கோடு விழும், அப்ப காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சு 10 மணிக்குள்ள முடிங்க. ஃபேனை நேரா அடிக்க விடாதீங்க.

பளபளப்பா மேட்டா?

கடைசி கோட் சேட்டின் அல்லது மேட் எடுங்க. பளபளப்புல ஒளி ஒரே சீரா திரும்பி வர்றதால சின்னக் கோடு கூட பளிச்சுன்னு தெரியும். கீழ கோட்டெல்லாம் பளபளப்பு வகைல போட்டு கடைசி ஒண்ணு மட்டும் மேட் போடறது நல்ல முறை, மேட்டாக்குற பொருள் எல்லா கோட்லயும் சேந்தா மரத்தோட ஆழம் மங்கிடும். ஒரே ஒரு குறை, மேட்ல தொடர்ந்து கை படற இடம் தேய்ஞ்சு மினுமினுன்னு ஆகும், அதனால கைப்பிடி பக்கம் சேட்டின் பரவாயில்ல. நிறமும் அப்படித்தான், கருப்பா ஸ்டெயின் போட்ட வெனீர்ல கீறினா உள்ள இருக்கற வெளிர் மரம் தெரியும், மரத்தோட சொந்த நிறத்துலயே விட்டா கீறல் இருந்தாலும் கண்ணுல படாது.

காயற நாள், அப்புறம் சோதனை

தொட்டா ஒட்டலங்கறதும் காஞ்சிடுச்சுங்கறதும் வேற வேற. ரெண்டு பாக வகை முழு பலத்துக்கு வர குறைஞ்சது 7 நாள், ஒரு பாக வகை ரெண்டு வாரம், மழைக்காலம்னா இன்னும் கூட. கிரகப்பிரவேசம் நாளைக்குன்னு இன்னிக்கு கடைசி கோட் அடிச்சு, மறுநாள் அது மேலயே குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் வச்சு இழுத்தா எந்த உலகத் தரமான பாலிஷும் தாங்காது. தேதியை பின்னாடி இருந்து எண்ணி வேலையை ஆரம்பிங்க.

எல்லா கோட்டையும் மிச்சத் துண்டு ஒண்ணுலயும் கூடவே போட்டு வைங்க. பத்து நாள் கழிச்சு அதுல மூணு சோதனை. பென்சிலை சீவி முனையை தட்டையா தேய்ச்சு 45 டிகிரில பிடிச்சு எச்.பி., எச்., 2எச்.னு தள்ளிப் பாருங்க, எதுல படலம் வெட்டுப்படுதோ அதுக்கு முந்தினது உங்க அளவு. நல்ல ரெண்டு பாக வகை எச். பக்கம் நிக்கணும். அப்புறம் பிளேடால 2 மில்லிமீட்டர் இடைவெளில குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடு வெட்டி, நல்ல டேப் ஒட்டி வெடுக்குன்னு எடுங்க, கட்டம் கழண்டு வந்தா ஒட்டுதல் இல்ல. கடைசியா சானிடைசர் நனைச்ச பஞ்சை ஒரு நிமிஷம் வச்சு எடுத்து நகத்தால அழுத்துங்க, மிருதுவாயிருந்தா இன்னும் காயல, இல்லன்னா ஹார்டனர் பத்தல. பாலிஷ்காரருக்கு கடைசி தவணை குடுக்கறதுக்கு முன்னாடி இதை அவர் கூட சேந்தே பண்ணுங்க, நல்லா வேலை செஞ்சவருக்கு அதுவே மரியாதை.

அப்புறம் பாத்துக்கறது

பாத்திரம் தேய்க்கிற பச்சை நார்ல இருக்கறதும் அலுமினியம் ஆக்சைடு மாதிரி அரைக்கிற துகள்தான், அதால ஒரு தடவை தேய்ச்சாலும் மேட் போயிடும். முதல்ல காஞ்ச தூசியை உதறி எடுத்துட்டு, அப்புறம் ஈர மைக்ரோஃபைபர், ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி, அவ்வளவுதான். மஞ்சள் கறை பட்டா உடனே துடைங்க. சிலிகான் கலந்த ஃபர்னிச்சர் ஸ்பிரே அடிக்காதீங்க, இன்னிக்கு மினுமினுக்கும், ஆனா பின்னாடி புதுசா கோட் போடும்போது அந்த இடத்துல ஒட்டாம விலகி ஓடும்.

நாலஞ்சு வருஷத்துல டேபிள்ல முடிக் கீறல் நிறைஞ்சு மங்கலா தெரிய ஆரம்பிச்சா, மரம் தெரியற வரைக்கும் காத்திருக்காம அப்பவே சோப்புத் தண்ணில கழுவித் துடைச்சு, 400-ல முழு மேல்பரப்பையும் மங்கலாக்கி, அதே வகை டாப் கோட் ஒண்ணு போடுங்க. அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டா இந்த வகைல விளிம்பு தெரியும், அதனால ஒரு பலகைன்னா முழுப் பலகை. இதுக்காகவே மூடி இறுக்கமா இருக்கற டின்ல கொஞ்சம் எடுத்து வச்சா போதும்னு சிலர் நினைக்கிறாங்க, திறந்த டின் அவ்வளவு வருஷம் தாங்காது, டின்னோட லேபிளை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அப்ப புதுசா ஒரு சின்ன டின் வாங்கிக்குங்க.